பதினாறு அடி வண்டி

எங்கள் கொட்டகையில் கட்டிய கார்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வெள்ளிக் கோப்பை கிடைத்தது. அந்தக் காரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவது வழக்கம். வந்தவர்கள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று இத்தனை வருஷம் விட்டுவிட்டேன். இப்போது முழங்கால் பிடித்துக்கொண்டதால் சட்டென்று எழுந்து போக முடிவதில்லை. பேச்செடுக்கவும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

அதியமான்கோட்டையில், சேலத்து ரோட்டை ஒட்டி எங்கள் கொட்டகை இருந்தது. மோட்டார்களுக்கு பாடி கட்டுவது தொழில். அந்தக் காலத்தில் எல்லாக் காரும் முழுசாக வந்து இறங்காது. வசதியுள்ளவர்கள் வெறும் சேஸ் மட்டும் வாங்குவார்கள். நாலு சக்கரம், எஞ்சின், ஸ்டேரிங், அவ்வளவுதான். சென்னையிலிருந்து அதை ஓட்டி வருகிறவர் ஒரு மரப்பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் புழுதியைத் தின்றுகொண்டு வந்து சேருவார். அதற்கு எப்படிப்பட்ட உடம்பு வேண்டும் என்று சொந்தக்காரர் சொல்வார், நாங்கள் கட்டித் தருவோம்.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் தகடு தட்டுவார். மணல்மூட்டையின் மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி அதைக் கன்னம் மாதிரி வளைத்துவிடுவார். தகடு உட்காரும் மரச்சட்டம் முழுக்க அவருடைய அண்ணன் வேலை. சீட்டும் மடக்குக் கூரையும் நான் தைத்தேன். பொம்பளை மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து தோல் தைக்கிறாள் என்று ரோட்டில் போகிறவர்கள் மாட்டுவண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போங்கள், உங்கள் கண்ணுதானே வலிக்கும் என்று சத்தமாகச் சொல்வேனே தவிர ஊசியை நிறுத்த மாட்டேன்.

கணவரின் அண்ணனை மூத்தார் என்போம். மூத்தாரோடு தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே கூரையடியில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பது? அதனால் நான் சுவரைப் பார்த்துக் கேட்பேன், அவர் இழைப்புளியைப் பார்த்துப் பதில் சொல்வார். "கதவுக்கு எத்தனை கெஜம் தோல் வேணுமுன்னு தெரியல" என்று சுவரிடம் சொன்னால், "ரெண்டு போதும்னு சொல்லுங்க" என்று பலகைக்குப் பதில் வரும். பழகிவிட்டால் சிரிப்பும் வராது.

மூத்தார் கொட்டகைக்கு வருவதற்கு முன் வீட்டுக்கு நிலை வைத்தவர், கோயில் தேருக்குச் சட்டம் செதுக்கியவர். கண்ணுக்கே தெரியாத பொருத்து போடுவார். அவருக்குத் தெரியாத மரவேலை கிடையாது. மோட்டார் மட்டும்தான் தெரியாது.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் சில ஊர்களுக்கு ஜமீன் போல இருந்த மிட்டாதார் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கையில் சீமைப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம். அதில் ஒரு கார். முகம் நீண்டு, உடம்பு தாழ்ந்து, பின்பக்கம் மாங்காய் மூக்கு மாதிரி கூராக முடிந்திருந்தது.

"இந்த மாதிரி வேணும். ஆனா இதே மாதிரி இருக்கக் கூடாது. பாத்தவன் பாத்தபடியே நிக்கணும்" என்றார்.

சேலத்தில் வரப்போகிற பொருட்காட்சியில் கார்களை வரிசையாக நிறுத்தி எது அழகு என்று பார்த்துக் கோப்பை தருவார்களாம். அந்தக் கோப்பை அவருக்கு வேண்டும். எங்களுக்கும் வேண்டும் என்று அவருக்குச் சொல்லவில்லை.

புதிதாக வாங்கிய சேஸை ஓட்டிக்கொண்டு கூடவே அவருடைய டிரைவரும் வந்திருந்தார். இண்டூர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர் இருக்கும். எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் சேஸுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையில் மிட்டாதாரின் பழைய கார் ஏழெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் எப்போதும் காரை முழு அளவில் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவிடுவார். அந்தக் கோட்டின் மேல்தான் மரச்சட்டம் எழும்பும். இந்தக் காருக்கு முன் மூக்கிலிருந்து பின் மூக்குவரை பதினைந்து அடி என்று கணக்கிட்டு வரைந்தார். அதற்குமேல் ஒரு அங்குலமும் இந்தச் சேஸ் தாங்காது என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தகடு வாங்கச் சேலத்துக்குப் போனார். நல்ல தகடு கிடைக்காமல் திரும்பிவர நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளில் சட்டம் எழும்பிவிட்டது. நான் அப்போது காருக்கு மேல்போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். பொருட்காட்சிக்குப் போகும்வரை புழுதி படாமல் முழுக் காரையும் மூடும் துணி அது. பதினைந்து அடிக்குக் கணக்காகத் தைத்துக் கொண்டுபோய்ச் சட்டத்தின் மேல் போட்டுப் பார்த்தால், சின்னப் போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருப்பது போல வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கஜக்கோலால் அளந்தேன். ஒரு அடி கூடுதல்.

"போர்வை ஒரு அடி பத்தல" என்றேன் சுவரிடம்.

இழைப்புளி நின்றது. "பதினஞ்சடி ஆகாதுன்னு சொல்லுங்க. மனையடி சாஸ்திரத்துல பதினஞ்சு காரியத்தைக் கெடுக்கும். பதினாறு நல்ல அடி, செல்வம் சேரும்."

"இது வூடு இல்லையே."

"மனுசன் உக்காந்து எந்திரிக்கறதெல்லாம் வூடுதான். நாலு பேரு உசுரை உள்ள வெச்சுக்கிட்டுப் போவுது. ஆகாத அடியில செஞ்சு தர எனக்கு மனசு வரல."

அவர் அதைத் திமிரில் செய்யவில்லை. அந்த வண்டியில் போகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தார். அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். சட்டத்தை இரண்டு முறை சுற்றிவந்தார். வாலின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஒரு அடியில் காரின் முதுகு அவர் வரைந்ததைவிட மெதுவாக, நீளமாக இறங்கியது. உண்மையைச் சொன்னால் பதினைந்தைவிடப் பதினாறு அழகு.

சாப்பாடு போடும்போது சொன்னேன். "ஒரு அடி கூடப் போயிருக்குதுங்க."

"அண்ணன் செஞ்சா காரணம் இருக்கும். நீ பாத்தியா புள்ள, என்ன அழகா எறங்குது!" என்று கையில் சோற்றோடு அந்த வளைவைக் காற்றில் போட்டுக் காட்டினார். அவர் கடைசிவரை அதை அளந்து பார்க்கவில்லை. அளந்தால் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் போர்வையில் ஒரு அடித் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தேன்.

பிறகு இரண்டு மாதம் நாங்கள் மூன்று பேரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. தகடு ஏறியது. மக்குப் பூசி, உப்புத்தாளும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, விரல் நுனிக்கு ஒரு மேடு பள்ளம் தட்டாதபடி ஆக்கினோம். என்ன நிறம் என்று மிட்டாதாருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு வாரம் இழுபறி. கடைசியில் என் மயில்கழுத்துப் புடவையின் முந்தானையில் ஒரு துண்டு வெட்டி, இதற்குச் சரியாகப் பெயிண்டைக் கலக்குங்கள் என்று கொடுத்தேன். வெயிலில் ஒரு பக்கம் நின்றால் பச்சை, மறுபக்கம் நின்றால் நீலம். உள்ளே குதிரைமயிர் அடைத்து, சிவப்புத் தோலில் நான் தைத்த சீட்டு. என் கைவேலைக்கு நானே கண்ணேறு கழித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் கூட்டம் அந்தக் காரை விட்டு நகரவில்லை. கோப்பையை மிட்டாதார் வாங்கிக்கொண்டார். கட்டியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. மூத்தார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, "பதினாறு வீண்போவல" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய மறுவாரமே டிரைவர் வந்தார்.

"முன்னால லேசா இருக்குதுங்க. ஸ்டேரிங்கத் திருப்புனா சக்கரம் யோசிச்சு யோசிச்சுத் திரும்புது."

"சக்கரம் யோசிக்குதா, நீ யோசிக்கறியா?" என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டிரைவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். ஏற்றத்தில் ரொம்பத் தெரிகிறது, ஆள் பின்னால் உட்கார்ந்தால் இன்னும் தெரிகிறது என்றார். வீட்டுக்காரர் ஸ்டேரிங்கில் எண்ணெய் விட்டு, நட்டுகளை முறுக்கி அனுப்பினார். கோளாறு எண்ணெயில் இல்லை, முன்பக்கத்தைத் தூக்குகிற வாலின் அந்த ஒரு அடியில் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் யுத்தம் நெருங்கி வந்து பெட்ரோல் கிடைப்பது நின்றுபோயிற்று. பஸ், கார் எல்லாவற்றின் பின்னாலும் இரும்பு டிரம் ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சித்தேரி மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கரி இறங்கியது. எங்களுக்கு வேறு வேலை கிடையாது, டிரம் மாட்டுவதுதான் வேலை. மயில்கழுத்து வண்டியும் அதற்காக வந்து நின்றது. போர்வையையும் கொண்டுவந்திருந்தார்கள், டிரம்மையும் சேர்த்து மூடுகிற மாதிரி பெரிசாக்கித் தரச்சொல்லி.

வாலைக் கொஞ்சம் வெட்டி, அதற்கு வெளியே டிரம்மை நிறுத்துவதாக முடிவாயிற்று. முன்பக்கம் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்றார் மிட்டாதார். அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

"எசமான், பின்னால இன்னும் பாரம் ஏத்துனா ஏத்தத்துல முன்சக்கரம் தரையில நிக்காதுங்க. இவங்க ஒருதரம் அளந்து பாக்கட்டுமுங்க."

அளந்து பார்க்கச் சொன்னதும் வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"எத்தன வண்டி கட்டுனவன் நானு, எனக்கு நீ அளவு சொல்றியா? எங்க வண்டியில கோளாறு இல்ல, உன் கையிலதான் கோளாறு!"

மிட்டாதார் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலைகுனிந்துகொண்டார். மூத்தார் இழைப்பதை நிறுத்தவில்லை. நான் தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூத்தார் முன்னால், அந்நிய ஆண்கள் முன்னால், வீட்டுக்காரர் பேச்சை மறுத்து எப்படிப் பேசுவது என்று இருந்துவிட்டேன். ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் வாயாடியவளுக்கு அன்றைக்கு மட்டும் வழக்கம் ஞாபகம் வந்தது.

போர்வை கொட்டகையிலேயே தங்கிவிட்டது. கார் புறப்பட்டுப் போயிற்று.

இருபது நாள் போயிருக்கும். மிட்டாதாரின் தம்பி சேலத்துக்குப் போய்விட்டு அந்தக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். மஞ்சவாடி கணவாய் ஏற்றம். கரிப்புகையில் ஓடும் வண்டிக்கு இழுவை போதாது, கீழேயே வேகம் பிடித்துத்தான் ஏற வேண்டும். பின்சீட்டில் அவர், அவருக்குப் பின்னால் டிரம், டிரம்முக்குப் பக்கத்தில் கரிமூட்டைகள். வளைவில் டிரைவர் ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பியிருக்கிறார். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மிட்டாதாரின் தம்பி அங்கேயே இறந்துபோனார். டிரைவருக்கு இடதுகால் தொடையில் முறிந்தது. வால் பக்கம் சுக்கல் சுக்கலாகி, பாதி எரிந்தும் போனதால் அளக்க எதுவும் மிஞ்சவில்லை.

விசாரிக்க ஒரு அதிகாரி கொட்டகைக்கு வந்தார். மரியாதையான மனிதர். கையில் நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"சேஸ் குடுத்த அளவுதானுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"மரவேலையில ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் மூத்தார். அதில் பொய்யே கிடையாது.

பிறகு என்னிடம் வந்தார். "நீங்கதான் மேல்போர்வை தைச்சதாமே, அம்மா. அது எத்தன அடி?"

போர்வை என் மெஷினுக்குக் கீழேதான் மடித்துக் கிடந்தது. அவர் குனிந்து எடுத்து விரித்திருந்தால் ஒட்டுப்போட்ட துண்டு தனியாகத் தெரிந்திருக்கும். நான் பதினாறு என்று சொன்னால் கொட்டகை மூடப்படும், என் வீட்டுக்காரர் கையில் விலங்கு விழும். பதினைந்து என்று சொன்னால் அந்த விலங்கு இண்டூர்க்காரர் கையில் விழும். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. தெளிவாகத் தெரிந்துதான் சொன்னேன்.

"பதினஞ்சுங்க."

அவர் எழுதிக்கொண்டார். அவர் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் கத்திரியை எடுத்து ஒட்டுத்துண்டை வெட்டி அடுப்பில் போட்டேன். யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. நூல் கருகும் வாசனை வந்தபோது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கோர்ட்டில் டிரைவர் வண்டி திரும்பவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவருடைய கையில்தான் கோளாறு என்று ஏற்கனவே பலர் முன்னிலையில் சொன்னதை வீட்டுக்காரர் அங்கேயும் சொன்னார். கோப்பை வாங்கிய வண்டியில் என்ன குறை இருக்க முடியும் என்று மிட்டாதாரும் சொன்னார். கண் அசந்திருப்பாய், ஒப்புக்கொள் என்று டிரைவரிடம் சர்க்கார் வக்கீல் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒரு வருஷம் ஜெயில், லைசென்சும் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் பார்க்கிறவர்கள் நிற்கிற மாதிரி ஒரு வண்டியும் கட்டவில்லை. லாரிக்குப் பலகை அடித்தோம், பஸ்ஸுக்கு ஜன்னல் வைத்தோம். வீட்டுக்காரர் தரையில் வரைவதை விட்டுவிட்டார். மூத்தார் இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போனார். அவர் இருந்தவரை அந்த ஒரு அடியைப் பற்றி எங்கள் மூவரில் ஒருவரும் பேசவில்லை. அவர் போனதும் இனி பேசலாம் என்று நினைத்தேன். அப்போதும் பேசவில்லை. வழக்கத்தைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் காரணமும் போய்விட்டது.

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு மத்தியானம். கொட்டகை வாசலில் யாரோ தடி ஊன்றி நிற்பது தெரிந்தது. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. வீட்டுக்காரர் யாரென்று அடையாளம் கண்ட மாத்திரத்தில் பின்வழியாக இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் எழுந்தேன்.

"வாங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது?

உட்காரச் சொன்னேன். கால் மடங்காததால் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார். எந்த முதலாளியும் வண்டி தருவதில்லையாம், இண்டூரில் அக்கா வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, சேதியாகச் சொன்னார். கேட்கப்போகிறார், வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டுவிடப்போகிறார், கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். சத்தியமாக முடிவு செய்தேன். கேட்டால் போதும், சொல்லிவிடுவேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரைப் பாத்து ஒரு வார்த்த சொல்லத்தான் வந்தேன். அவுரு இல்லாட்டி என்ன, நீங்க சொல்லிடுங்க. உள்ள இருக்கறப்ப யோசிச்சு யோசிச்சுப் பாத்தேனுங்க. எல்லாரும் அவ்வளவு தூரம் சொல்றாங்க, பொய்யா சொல்லுவாங்க? நான்தான் கண்ணு அசந்துட்டேன் போலிருக்குது. எனக்கே தெரியாம அசந்திருக்கேன். ஒரு உசுரும் போச்சு. நீங்க மூணு பேரும் ராத்திரி பகலாப் பாடுபட்டுக் கட்டுன வண்டிய நாசம் பண்ணிட்டேனுங்க. அதோட, கோளாறு உங்க மேலன்னு கோர்ட்டுல வேற சொல்லிட்டேன். மன்னிச்சுக்கணுமுங்க."

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தடி இல்லாமல் நிற்க முடியாமல் ஆடினார்.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. தடுக்க மூத்தார் இல்லை, முறைக்க வீட்டுக்காரர் இல்லை. பதினாறு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருக்குக் காலும் லைசென்சும் திரும்பி வந்திருக்காது, ஆனால் அவருடைய கை அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"விடுங்க தம்பி" என்றேன். "போனது போவட்டும். நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அவர் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் அக்கா எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு போனார்.